ரங்கூன் காத்தானும் இஞ்சின் துரையும் மோதியிருந்தால்

மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு நான் களத்துக்கு வந்தபோது, என் அய்யனும், எனக்கு மாமனாராக வரப்போகிற சங்ககிரிக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே முஷ்டி பிடித்து, ஒருவரையொருவர் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். களம் முழுக்கக் கடலைக்காய் காயப்போட்டிருந்தது. அவர்கள் கால் வைத்த இடமெல்லாம் தோடு நொறுங்கிச் சடசடவென்றது. காய்ந்த கொடி வாசமும் பச்சை மண் வாசமும் கலந்து அடித்தது. அன்றைக்குத்தான் அவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

சொம்பு சாய்ந்து, மோர் புறங்கையில் வழிந்தது. ஏற்கெனவே ஒரு இடம் பேச்சு எடுக்கும் முன்பே தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் என்னை என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இப்படித் தாடையை நீட்டிக்கிட்டு வந்தா, எங்காளு இங்க வெப்பானுங்க மச்சான்" என்று சங்ககிரிக்காரர் அய்யனுடைய தாடைக்கு விரற்கடைத் தூரத்தில் முஷ்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அவன் கை இங்க வாரதுக்குள்ள, எங்காளு அவன் விலாவுல ரெண்டு வெச்சுப்போட்டு அக்கட்ட போயிருப்பானுங்க" என்றார் அய்யன்.

வண்டி நுகத்தடியில் உட்கார்ந்து ஒருவர் நிதானமாகக் கடலைக்காய் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அவர்தான் மாப்பிள்ளை. என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அந்த இரண்டு பேரையும் பார்த்தார். "மோரை அங்கயே வெச்சிருங்க. இன்னும் மணி அடிக்கலையாம்" என்றார்.

எந்த மணி, எதற்கு அடிக்கும் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வயதாகியும் அந்தக் கல்யாணத்தில் நடந்தது எனக்குப் பாதிதான் விளங்கியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பத்திரிகையில் இத்தனை வாரமாக அதைத் தொடாமல் கிணறு, எருமை, அம்மை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பெரிய ஆட்கள்

முதலில் அவர்கள் 'எங்காளு' என்ற அந்த இரண்டு பேரும் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ரங்கூன் காத்தான் அய்யனுடைய ஆள். அய்யன் இளவட்டமாக இருந்தபோது, சேலத்தில் ஆடிப் பண்டிகைக்குக் கொட்டகை போட்டுக் குத்துச்சண்டை காட்டினார்களாம். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த ஆளாம் அவன். நின்றால் கொட்டகை வாசலில் தலை இடிக்குமாம். கை முழங்காலைத் தொடுமாம். இடது கையால் ஒரு குத்து விட்டால், வாங்கினவன் தன் பேரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்வானாம்.

அய்யன் நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வெல்லம் ஏற்றிக்கொண்டு போயிருந்த சமயம் அது. எங்களுக்கு நினைவு தெரிந்த நாள் முதலாகக் காத்தான் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. சாப்பிடாமல் அடம் பிடித்தால் "காத்தான் ஒரு வேளைக்கு எத்தனை உருண்டை கம்பஞ்சோறு தின்பான் தெரியுமா" என்பார் அய்யன். ரங்கூனில் கம்பு விளையுமா என்று நான் கேட்டதில்லை.

இஞ்சின் துரை சங்ககிரிக்காரருடைய ஆள். ரயிலில் கரி அள்ளிப் போடுகிற வேலையில் சேர்ந்து, பிறகு இஞ்சின் ஓட்டினவன். சட்டைக்காரத் துரை, அதாவது ஆங்கிலோ இந்தியன். உண்மைப் பேர் யாருக்கும் தெரியாது. ரயில்வே காலனியில் அவனை எதிர்த்து ஆளே கிடையாதாம். கரி அள்ளி அள்ளித் தோள் இரண்டும் மாட்டுத் திமில் மாதிரி இருக்குமாம். சங்ககிரி ஸ்டேஷனுக்குக் கடலை மூட்டை கொண்டுபோய்ப் போடுகிற வண்டி இவருடையது. அப்படி வந்த பழக்கம்.

கையில் தலையணை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள் என்று அய்யன் சொன்னபோது எங்கள் அம்மா கேட்டார்: "வலிக்கக் கூடாதுன்னா எதுக்குங்க அடிக்கறாங்க?" அய்யன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்துபோனார்.

இந்த இரண்டு பேரும் ஒரு நாளும் நேருக்கு நேர் நின்றதில்லை. ஒருவன் ஓய்ந்த பிறகுதான் மற்றவன் கிளம்பினானாம். அய்யன் காலத்திலேயே இரண்டு பேரும் இருக்கிறார்களா, போய்ச் சேர்ந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது உலகமே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, துணி கிடைக்கவில்லை. எங்கள் களத்திலோ, நடக்காத ஒரு சண்டையில் யார் ஜெயித்திருப்பான் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எடை, வயது, வெயில்

அன்று மத்தியானம் சாப்பாட்டு இலைக்கு முன்னாலும் அது ஓயவில்லை. நான் கதவிடுக்கில் நின்று கேட்டேன்.

"காத்தான் எத்தனை மணங்கு எடை இருப்பானுங்க?" என்றார் சங்ககிரிக்காரர்.

"ஒன்பதுக்குக் குறையாதுங்க."

"எங்காளு பத்து. ஒரு மணங்கு வித்தியாசம்னா ஒரு வெல்லச் சிப்பம் தலையில விழுகற மாதிரிங்க."

"சிப்பம் நின்ன எடத்துல நிக்கும். காத்தான் நிக்க மாட்டான்."

"எத்தனை நேரம் ஓடுவான்? எங்காளு கொதிக்கற இஞ்சின் கொப்பரைக்கு முன்னால நின்னு வேலை செஞ்சவன். சித்திரை வெயில்ல வெச்சுப் பாருங்க, மூணாவது சுத்துல உங்காளு தண்ணி கேப்பான்."

"சித்திரையில எதுக்குங்க வெக்கோணும்? மார்கழியில வெப்போம்."

"மார்கழியில நல்ல காரியம் வெப்பாங்களா மச்சான்?"

இதைக் கேட்டுப் பெரியம்மா, என் அம்மாவின் அக்கா, அடுப்படியில் புரை ஏறிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமான் பேச வேண்டிய வாய், நாள் பேச வேண்டிய வாய், இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் என் பாடு என்ன?

அம்மாவுக்கு வேறு வெசனம். "அம்மிணி, அந்த ரெண்டு பேருக்கும் பத்திரிகை வெக்கோணுமா என்னன்னு உங்கய்யனைக் கேளு. அப்பறம் சொல்லலைன்னு சடைச்சுக்கப் போறாங்க" என்று என் காதில் சொன்னார்.

வயதில்தான் வந்தது வினை. எந்த வயதுக் காத்தானோடு எந்த வயதுத் துரையை மோத விடுவது என்று பேச்சு வந்தது. இருபத்தைந்து வயதில் என்றார் அய்யன். துரைக்கு முப்பதில்தான் கை திரண்டது, ஆளுக்கு ஆள் நல்ல வயதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்றார் அவர்.

"அப்படின்னா சின்ன வயசுல உங்காளு ஒண்ணுத்துக்கும் ஆகலைன்னு ஒத்துக்கறீங்க" என்றார் அய்யன்.

சங்ககிரிக்காரர் இலையை மடித்தார். கை கழுவினார். தட்டில் வைத்திருந்த வெற்றிலையைத் தொடவில்லை. "வாரனுங்க" என்று வண்டியில் ஏறிவிட்டார். வெற்றிலையைத் தொடவில்லை என்றால் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். முறிந்தது என்றும் அர்த்தம் இல்லை. எதுவென்றே தெரியாமல் நாங்கள் வாசலில் நின்றோம்.

மாப்பிள்ளை மாட்டை அவிழ்த்து நுகத்தில் பூட்டினார். சக்கரம் ஒரு குழியில் இறங்கியிருந்தது. மாட்டை அடிக்கவில்லை, திட்டவில்லை. குனிந்து தோளைக் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டு, மாட்டின் கழுத்தைத் தடவினார். இவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. அந்தக் காலத்தில் அதை யாரிடம் சொல்வது? மோர்ச் சொம்பிடம்தான் சொல்ல வேண்டும்.

கெடா நின்றது

நடுவில் ஆட்கள் போய் வந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே பதில்: "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, அவங்களைக் கேளுங்க." கடைசியில் சாமியிடம் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

எங்கள் குலசாமி கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. நல்ல காரியத்துக்கு முன்னால் ஒரு ஆட்டுக் கெடாவைக் கொண்டுபோய் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. துளுக்கிவிட்டது என்போம். உதறாமல் நின்றால் வந்தவர்களில் யாருக்கோ மனக்குறை இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லித் தீர்க்கிற வரைக்கும் கெடா நிற்கும், நாமும் நிற்போம்.

அன்று சங்ககிரியிலிருந்து மாமியாராக வரப்போகிறவரும் வந்திருந்தார். பெண் பார்க்க வந்தபோது காய்ச்சல் என்று வராதவர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மௌனம். மாமனார் ஊருக்கெல்லாம் பேசுகிறவர், வீட்டில் வாய் திறக்க மாட்டார் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாளுக்குக் காத்தானையும் தெரியாது, துரையையும் தெரியாது.

பூசாரி தண்ணீர் தெளித்தார். கெடா ஒரு வேப்பங்கொத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. இன்னும் தெளித்தார். கெடா என்னைப் பார்த்தது. எல்லோரும் கையைக் கூப்பியபடி நின்றோம். வெயில் ஏறியது. கல்லில் கால் வைக்க முடியவில்லை.

"யாரு மனசுல என்ன கெடக்குதோ, சொல்லிப்போடுங்க சாமி" என்றார் பூசாரி.

பெரியம்மாவால் பொறுக்க முடியவில்லை. "அட, எல்லாருக்குந்தான் தெரியுமே. அந்த ரங்கூன்காரனும் அந்தத் துரையும் மனசுல கெடக்கற வரைக்கும் இது எப்படிங்க துளுக்கும்?" என்றார்.

மாமியார் அம்மாள் மெதுவாகத் திரும்பினார். "எந்த ரங்கூன்காரனுங்க? எந்தத் துரை?"

பூசாரி அய்யனைப் பார்த்தார். "பொண்ணை முன்னாடியே வேற எடத்துக்குப் பேசியிருந்தீங்களா? அதுவும் ரெண்டு எடம்?"

அய்யன் பதறிப்போனார். பதறினால் அவருக்கு வார்த்தை முன்பின்னாக வரும். "அதெல்லாம் இல்லீங்க. ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க. மோதிக்கவே இல்லை. மோதியிருந்தா யாரு கெலிச்சிருப்பான்னுதான் பேச்சு" என்றார்.

இதற்கு அவர் சும்மா இருந்திருக்கலாம். கும்பலில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. எனக்காக ஒரு ரங்கூன்காரனும் ஒரு துரையும் அடித்துக்கொள்ள இருந்தார்கள் என்று அந்த மலையடிவாரம் முழுக்க நம்பிவிட்டது. மாமியார் அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கிளம்பப் போகிறார் என்று புரிந்தது.

நான் அதுவரை பெரியவர்கள் நடுவில் வாய் திறந்தவள் இல்லை. ஆனால் என் பேர் கெட்டுப்போவதை நானே நின்று பார்க்க முடியாது. நிமிர்ந்து நின்றேன்.

"அத்தை, அவங்க ரெண்டு பேரையும் நான் கண்ணுல பார்த்ததில்லீங்க. அவங்க தலையணை கட்டிக்கிட்டு அடிச்சுக்கறவங்க. எங்கய்யன் பார்த்தவரு. அவரையே கேளுங்க."

அந்த அம்மாள் அய்யனைக் கேட்டார்: "நீங்க பார்த்தீங்களாண்ணா?"

அய்யன் கெடாவைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். அந்த இடத்தில் பொய் சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு வராது.

"உள்ள போவலைங்க" என்றார். குரல் இறங்கிவிட்டது. "புது மாடு. வண்டியை வுட்டுப்போட்டுப் போனா மிரண்டுரும். வெளிய நின்னு சத்தம்தான் கேட்டேன். கொட்டகைத் துணி மேல நெழல் தெரிஞ்சுது. பெரிய நெழலுங்க."

எங்கள் அம்மாவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். இத்தனை வருசம் அந்த நிழலுக்கா கம்பஞ்சோறு போட்டோம் என்கிற முகம்.

சங்ககிரிக்காரர் தொண்டையைக் கனைத்தார். முகத்தில் ஜெயித்த களை வந்துவிட்டது. அது நிலைக்கவில்லை. அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"நான் பார்த்திருக்கேன். எத்தனையோ வாட்டி."

"சண்டை போட்டதையா?"

"இஞ்சின் ஓட்டிக்கிட்டுப் போனதை." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கையை வெளிய வெச்சிருந்தான். அந்தக் கையைப் பார்த்தாலே தெரிஞ்சுக்கலாம். மத்ததெல்லாம் ஸ்டேஷன் பாயிண்ட்ஸ்மேன் சொன்னான்" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெடாவுக்குப் பின்னால் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு மாப்பிள்ளை நின்றிருந்தார். குனிந்தார், நிமிர்ந்தார். அவ்வளவுதான் நான் கண்டது.

கெடா துளுக்கியது. தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே உதறல். மஞ்சள் தண்ணீர் எல்லோர் மேலும் தெறித்தது. மாமியார் அம்மாளின் திருநீற்றிலும் ஒரு சொட்டு.

எதற்குத் துளுக்கியது?

இதைத்தான் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தான் உண்மையைச் சொன்னதால்தான் என்றார் அய்யன். "அப்படின்னா நீங்க சொன்னவொடனே துளுக்கியிருக்கோணுமே, என் வாயில வந்தப்பறந்தான துளுக்குச்சு" என்றார் மாமனார். பெண்ணின் மேல் பழி இல்லை என்று தெரிந்ததால்தான் என்றார் பூசாரி. "மொதல்ல வாயைத் தொறந்தது நாந்தானுங்களே" என்றார் பெரியம்மா. கெடாவைக் கேட்கலாம் என்றால் அது அன்று மத்தியானமே குழம்பாகிவிட்டது.

அந்தக் குழம்பு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அய்யன் மெதுவாகக் கேட்டார்: "பாயிண்ட்ஸ்மேன் எத்தனை சுத்துன்னு சொன்னானுங்க?"

"ஏழுங்க மச்சான். உங்களுக்கு வெளிய எப்படிக் கேட்டுச்சு, சத்தம்?"

"நனைஞ்ச சாக்கு மூட்டையைக் கல்லுல போட்டாப்பல."

மாமனார் தலையை ஆட்டி ரசித்தார். வெற்றிலையை எடுத்தார். பார்த்ததில்லை என்று ஆன பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இன்னும் தாராளமாகிவிட்டது. காத்தான் ஒரு அடி வளர்ந்தான். துரை பன்னிரண்டு மணங்குக்கு ஏறினான். நான் சங்ககிரிக்கு வாழப் போன பிறகும், அய்யன் என்னைப் பார்க்க வந்தால் எனக்கு ஒரு வார்த்தை, மாமனாரோடு பொழுதுக்கும் வார்த்தை.

ஒரு தடவை அய்யன் துரை பக்கம் பேசக் கேட்டேன். மாமனார் காத்தானை விட்டுக்கொடுக்கவே இல்லை. எப்போது ஆள் மாறினார்கள், ஏன் மாறினார்கள் என்று கேட்டேன். "உனக்கு இதெல்லாம் வெளங்காது அம்மிணி" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர்கள் இரண்டு பேரும் போன பிறகு அந்தப் பேச்சு எங்கள் இருவருக்கும் வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் காத்தானை எடுத்துக்கொண்டார், நான் துரையை எடுத்துக்கொண்டேன். என் அய்யனுடைய ஆளை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். அவருடைய அய்யனின் ஆளை நான் விட மாட்டேன். களை வெட்டும்போது, பருத்தி எடுக்கும்போது, பேரப்பிள்ளைகளின் காதுகுத்தில்கூட. குத்துச்சண்டை என்றால் என்னவென்று இன்றைக்கும் நான் முழுசாகப் பார்த்தது கிடையாது. டிவியில் ஒருதரம் போட்டார்கள். ஒருவன் மூக்கில் ரத்தம் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் சண்டையில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை.

ஆனால் அவரிடம் நான் உண்மையில் கேட்க நினைத்தது வேறு. கெடாவுக்குக் காதில் தண்ணீர் போனால் அது உதறத்தான் செய்யும். இது ஆடு மேய்க்கிற எல்லோருக்கும் தெரியும். அன்று சொம்பும் கையுமாக அவர் குனிந்தது என் கண்ணில்தான் பட்டது. உத்தரவு கொடுத்தது சாமியா, இவரா? சாமி கொடுத்தது என்றால் எனக்குப் பெருமை. இவர் கொடுத்தது என்றால் அதைவிடப் பெருமை. எது என்று தெரிந்தால் போதும்.

எப்போது கேட்டாலும் அவர், "அதை வுடு பாவாயி, எட்டாவது சுத்துல துரை நிப்பானா, அதைச் சொல்லு" என்பார்.

அவர் படுக்கையில் விழுந்த வருசம். பிழைக்க மாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டிருந்தார். பகலில் கட்டிலை வேப்பமரத்தடியில் போட்டு வைத்திருப்போம். தண்ணீர் கேட்டார். சொம்பைக் கொடுத்து, ஒரு மிடறு குடிக்க வைத்து, கேட்டேன். "ஏனுங்க, இப்பவாச்சும் சொல்லுங்க. அன்னைக்கு அந்தக் கெடா காதுல ஊத்துனீங்களா, இல்லையா?"

அவர் சொம்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "கிட்ட வா" என்றார். குரல் எழும்பவில்லை. சொல்லத்தான் போகிறார் என்று, முந்தானையை ஒதுக்கிக் காதைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைத்தேன்.

சில்லென்று ஒரு சொட்டு காதுக்குள் இறங்கியது. விரலைச் சொம்பில் நனைத்து வைத்திருந்திருக்கிறார். தலையிலிருந்து தோள் வரைக்கும் எனக்கு உதறிவிட்டது.

"ஆயிருச்சு" என்றார். "உத்தரவு குடுத்தாச்சு."

அப்படியென்றால் ஆமாம் என்றாரா, சும்மா விளையாடினாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.